கணக்குக்கு எதற்குக் கடிகாரம்?

(கணித மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் ஐயா அவர்களே, மன்றப் பொறுப்பாசிரியர்களே, பெற்றோர்களே, ஒலிபெருக்கியை இரண்டு முறை சரிசெய்து கொடுத்த நண்பரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புத் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்தும்போது, ‘சின்ன வயதிலிருந்தே கணக்கில் புலி’ என்றார்கள். பெரியவர்கள் வாயால் வந்த வாழ்த்தை மறுத்துப் பேசக் கூடாது. என் ஏழாம் வகுப்பு மதிப்பெண் அட்டையைப் பார்த்தவர்கள் யாரும் இந்த அரங்கில் இல்லை என்ற தைரியத்தில் நானும் பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

‘நடுநிலைப் பள்ளிக் கணக்கும் நானும்’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று குறை எண், அதாவது மைனஸ் போட்ட எண்; இரண்டு பின்னம், மூன்று எக்ஸ். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழி போதும்: பதறாத காரியம் சிதறாது.

முதலில் குறை எண். ஏழாம் வகுப்பில் எங்களுக்கு வாரம் ஒரு வேகத் தேர்வு உண்டு. இருபது கணக்கு, பத்து நிமிடம். ஒரு கணக்குக்கு அரை நிமிடம். மேசை மேல் ஒரு கடிகாரம். மூச்சுவிடும் சத்தத்தைவிட அந்த முள்ளின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இருபதுக்கு ஆறோ ஏழோ வாங்குவான். மதிப்பெண்களை உரக்கப் படிக்கும் வழக்கம் வேறு இருந்தது. அவன் பெயர் வரும்போது வகுப்பு தயாராகச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒருநாள் கணக்காசிரியர் வரவில்லை. பதிலுக்கு வேறொரு ஆசிரியர் வந்தார். கரும்பலகையில் முதல்நாள் பாடம் அழிக்கப்படாமல் இருந்தது: −3 × −4 = 12. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி, “இரண்டும் குறை எண். பெருக்கினால் மிகை எண் எப்படி வந்தது?” என்று கேட்டார்.

வகுப்புத் தலைவன் எழுந்தான். “சார், அது விதி.”

“யார் போட்ட விதி?”

“கணக்கு சார் போட்ட விதி, சார்.”

அவர் சிரிக்கவில்லை. “விதி என்றால் அழுதுவிட்டுப் போக வேண்டியதுதானா? காரணம் கேட்கக் கூடாதா?” என்றார். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவி எழுந்தாள். ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்று பாட்டுப் போலச் சொன்னாள். சரி, −3 ஐயும் −4 ஐயும் கூட்டினால் என்ன என்று கேட்டார். அதே பாட்டின் தயவில், −7 என்பதற்குப் பதில் +7 என்றாள். பாதி வகுப்பு ஆமாம் போட்டது. நானும் அந்தப் பாதியில் இருந்தேன்.

அப்போது என் பக்கத்திலிருந்தவன் தயங்கித் தயங்கி, “சார், என்னிடம் ஒன்று இருக்கிறது” என்று முந்தைய வாரத் தேர்வுத் தாளை எடுத்தான். முன்பக்கம் ஆறு மதிப்பெண். பின்பக்கத்தில் பென்சிலால் ஓர் ஏணி போல எழுதி வைத்திருந்தான். அவனையே பலகையில் எழுதச் சொன்னார் ஆசிரியர். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது.

3 × −4 = −12
2 × −4 = −8
1 × −4 = −4
0 × −4 = 0

“ஒவ்வொரு படிக்கும் நான்கு நான்காக ஏறுகிறது சார். அடுத்த படி −1. அங்கே மட்டும் ஏன் சார் ஏறாமல் நிற்க வேண்டும்?” என்று சொல்லி 4 எழுதினான். அதற்கடுத்து 8, அதற்கடுத்து 12. பலகையின் மேல்மூலையில் இருந்த அதே 12. வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. வேகத் தேர்வின்போது, மீதிக் கணக்குகளுக்குப் பதில் எழுதாமல், அவன் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான்! அந்தத் தாளுக்குத்தான் ஆறு மதிப்பெண்.

தம்பி தங்கைகளே, இன்னொன்றும் கேளுங்கள். குறை எண்ணைக் கடன் என்றும் மிகை எண்ணைச் செல்வம் என்றும் சொல்லி, கடனையும் கடனையும் பெருக்கினால் செல்வம் என்று நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628 ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் உலகம் இந்த எண்களை நம்பவில்லை. 1544 இல் ஸ்டீஃபெல் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் இவற்றுக்கு ‘அபத்த எண்கள்’ என்றே பெயர் வைத்தார். இருபது வயதுக்குள் கணக்குப் பொறி செய்யத் தொடங்கிய பாஸ்கல், பூஜ்யத்திலிருந்து நான்கைக் கழித்தால் பூஜ்யம்தான் மிஞ்சும், இதுகூடப் புரியாதவர்கள் இருக்கிறார்களே என்று அலுத்துக்கொண்டார். பிரம்மகுப்தருக்கும் பாஸ்கலுக்கும் இடையே ஆயிரம் ஆண்டு. ஆயிரம் ஆண்டாகியும் அறிஞர்களுக்கே தொண்டையில் சிக்கிய விஷயத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அரை நிமிடத்தில் விழுங்க வேண்டுமாம். பதறாத காரியம் சிதறாது என்பதைக் கணக்குக்கு மட்டும் யார் தள்ளுபடி செய்தார்கள்?

இரண்டாவது, பின்னம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டு என்றால் மேலே இரண்டு, கீழே ஐந்து என்று 2/5 எழுதுவோம். நான் ஒரு வருடம் எழுதினேன். 2/5 என்பது அரையைவிடக் குறைவு. அரையோடு ஒன்றைச் சேர்த்த பிறகு அரையைவிடக் குறையுமா? விடையை ஒரு கணம் உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒரு கணத்தைத்தான் கடிகாரம் எடுத்துக்கொண்டது. பகுதியைச் சமமாக்கி 3/6, 2/6, மொத்தம் 5/6 என்று போட எல்லோரும் கற்றுக்கொடுத்தார்கள். விடையைத் திரும்பிப் பார்க்க யாரும் நேரம் தரவில்லை. முக்கால் என்ற சொல்லுக்குள்ளேயே மூன்றும் காலும் கைகோத்து நிற்கின்றன என்பதை நான் கவனித்ததே கல்லூரிக்கு வந்த பிறகுதான். இதைப் பற்றித் தனியாகவே பேசலாம்.

ஆக, என் கோரிக்கை இதுதான். தலைமையாசிரியர் அம்மா இங்கே இருப்பதால் துணிந்து சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரியும். ஆறு முதல் எட்டு வரை கணக்குத் தேர்வில் நேரக் கெடுவை எடுத்துவிடுங்கள். வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்க வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். ஆனால் வாய்ப்பாடு ஒப்பிப்பது வேறு, யோசிப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே கடிகாரத்தை வைக்காதீர்கள். இருபது கணக்குக்குப் பதில் ஐந்து கொடுங்கள். தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பதறாத காரியம் சிதறாது, அம்மா.

தலைவர் அவர்கள் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். ‘இரண்டு நிமிடம்’ என்று எழுதியிருக்கிறது. நான் என்ன பேசினேன் என்பதை அவர்கள் கேட்டார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது! மூன்றாவது செய்தி எக்ஸ். தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று எழுதும் வழக்கத்தை 1637 இல் டெகார்ட் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் தொடங்கி வைத்தார். எனக்கு அது எழுத்தா எண்ணா என்று எட்டாம் வகுப்பு முடியும்வரை குழப்பம். மீதியை அடுத்த ஆண்டு கூப்பிட்டால் சொல்கிறேன்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், வாய்ப்புத் தந்த மன்றத்தாருக்கும், மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்ட அந்தத் தம்பிக்கும் நன்றி. வாசலில் ஒரு மேசை மேல் விண்ணப்பத் தாள் வைத்திருக்கிறேன், நேரக் கெடு பற்றியதுதான். முழுவதும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அவசரமில்லை. வணக்கம்.