கூகுள் கமலாவுக்குக் காசு குடுத்துச்சா? கணக்கை நாமளே பாத்துடலாம்

வணக்கம் மக்களே. இன்னிக்கு செம கடுப்புல இருக்கேன். போன வீடியோ கமென்ட் பூரா ஒரே படம். 2024 அமெரிக்க ஜனாதிபதி தேர்தல்ல நின்ன கமலா ஹாரிஸுக்கு "கூகுள் இவ்வளவு, ஆப்பிள் இவ்வளவு" குடுத்துச்சுன்னு லோகோ போட்டு ஒரு அட்டை. தயவுசெஞ்சு அதைப் பரப்பாதீங்க. அமெரிக்காவுல எந்தக் கம்பெனியும் ஜனாதிபதி வேட்பாளருக்கு நேரா ஒரு டாலர்கூட குடுக்க முடியாது, சட்டம் தடுக்குது. 200 டாலருக்கு மேல குடுக்கற ஆளுங்க பேரு, ஊரு, எங்க வேலைன்னு பதிவாகும். அந்த "எங்க வேலை"யைக் கூட்டி, ஊழியருங்க சொந்தக் காசைக் கம்பெனி தலையில எழுதிட்டாங்க.

சரி, நாமளே பாத்துடலாம். எஃப்இசி, அதாவது அவங்க தேர்தல் கமிஷன் தளத்துல தனிநபர் நன்கொடைப் பக்கத்தைத் திறங்க. முதல் வேலை, வருஷத்தை மாத்தணும். ரெண்டு ரெண்டு வருஷமா பிரிச்சு வெச்சிருக்காங்க, நமக்கு 2023-24. இதை மாத்தாம தேடிட்டுத்தான் "ஒண்ணுமே வரலையே"ங்கறீங்க. அடுத்து பேரு. டெக் கம்பெனிகள்ல முதலீடு பண்ற பெரும் பணக்காரர் மார்க் ஆண்ட்ரீசனைத் தேடினா, ஆங்கிலத்துல ரெண்டு 'இ' சேந்தாப்ல, உடனே ரெண்டு 'எஸ்'. ஒரு எழுத்து விட்டாலும் ஆள் சிக்க மாட்டார். மாநிலத்தையும் சேத்துப் போடுங்க, அதே பேர்ல இருக்கற வேற ஆளுங்க கழிஞ்சிடுவாங்க. கம்பெனி பேரை மட்டும் நம்பாதீங்க, அது அவங்கவங்க கைப்பட எழுதறது. ஒருத்தர் சுருக்கி எழுதுவார், ஒருத்தர் முழுசா எழுதுவார்.

ஆங், வரம்பைச் சொல்ல விட்டுட்டேன். வேட்பாளருக்கு நேரா குடுக்கணும்னா 2024ல ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர்தான். உட்கட்சித் தேர்தல் தனி, பொதுத் தேர்தல் தனி. சூப்பர் பேக், அதாவது வேட்பாளர் கையில காசு குடுக்காம தனியா தேர்தல் செலவு பண்ற கமிட்டி, அதுக்குக் குடுக்க 2010 கோர்ட்டு தீர்ப்புகளுக்கு அப்புறம் வரம்பே கிடையாது. ஈலான் மஸ்க் அந்தத் தேர்தல்ல 25 கோடி டாலருக்கு மேல கொட்டினது அந்த வழியாத்தான்.

அதுலயும் ஒண்ணு ரொம்ப மோசம். ஆர்பிஜி பேக்னு ஒண்ணு. கருக்கலைப்பு உரிமைக்காக நின்ன நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்கோட பேரை வெச்சுக்கிட்டு, ட்ரம்ப் நாடு முழுக்கத் தடை கொண்டுவர மாட்டார்னு விளம்பரம் பண்ணாங்க. பணம் 2.05 கோடி டாலர், முழுக்க மஸ்க்கோட டிரஸ்ட்ல இருந்து. வெளிய தெரிஞ்சது எப்போ? டிசம்பர் 5, ஓட்டுப் போட்டு ஒரு மாசம் கழிச்சு! தேர்தலுக்கு முந்தின கணக்கு அக்டோபர் 16ஓட முடியுது, அதுக்கப்புறம் வந்த பணம் அடுத்த கணக்குலதான் வரும். அதனால ஆள் பேரை மட்டும் தேடாதீங்க, கமிட்டி பக்கத்துக்குப் போய் வரவைப் பாருங்க. டிரஸ்ட் பேர்ல வந்தது அங்கதான் மாட்டும்.

இப்ப ஆண்ட்ரீசன். 2016ல ஹிலாரிக்கு ஆதரவு, 2024 ஜூலையில ட்ரம்புக்கு. என்ன காரணம்னு அவரும் அவரோட கம்பெனி கூட்டாளி பென் ஹாரோவிட்ஸும் அவங்க பாட்காஸ்ட்லயே சொன்னாங்க: கிரிப்டோ கெடுபிடி, ஏஐ கட்டுப்பாடு, அப்புறம் 10 கோடி டாலருக்கு மேல சொத்து இருந்தா விக்காத பங்கோட லாபத்துக்கும் சேத்து 25 சதவீத வரின்னு பைடன் வெச்ச யோசனை. கொள்கை மாறிடுச்சுன்னு இதைச் சொல்றது எனக்கு ஒத்துக்கவே முடியாது. அரசாங்கம் கை வெச்ச இடம் மாறுச்சு, அவ்வளவுதான். இன்னொண்ணு, ஹாரோவிட்ஸ் அக்டோபர்ல கமலாவுக்கும் காசு தரேன்னுட்டார்!

தொழில்நுட்பம்தான் எல்லாத்துக்கும் தீர்வுன்னு ஆண்ட்ரீசன் 2023 அக்டோபர்ல ஒரு அறிக்கை விட்டாரே, அதுல மின்சாரம், அணுசக்தி பத்தின பகுதி எனக்கு நிஜமாவே பிடிக்கும். ஆனா ஆபத்தை அளந்து பாக்கறதையே எதிரி லிஸ்ட்ல சேத்தது அநியாயம். 2020ல "கட்டுங்க, கட்டுங்க"ன்னு எழுதின மனுஷன், 2022ல தன்னோட ஊரு ஆதர்டன்ல அடுக்குமாடி வீடு வரக்கூடாதுன்னு நகர சபைக்கு மனைவியோட சேந்து எதிர்ப்பு தெரிவிச்சார். எத்தீரியம்ங்கற கிரிப்டோவை உருவாக்கின விட்டாலிக் பியூட்டரின், அந்த 2023 அறிக்கைக்கு அடுத்த மாசமே எழுதின பதில் அதை விட நூறு மடங்கு மேல்: எல்லாத்தையும் வேகப்படுத்தாதே, தடுப்பூசி, சைபர் பாதுகாப்பு மாதிரி தற்காப்புக்கு உதவறதை முதல்ல வேகப்படுத்து.

நம்மாளு ஒருத்தரும் இதுல இருக்கார். சென்னையில பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணன், ஆண்ட்ரீசன் கம்பெனியில பார்ட்னரா இருந்தவர். 2024 டிசம்பர்ல ட்ரம்ப் அவரை ஏஐ ஆலோசகரா அறிவிச்சதும், ட்ரம்ப் ஆதரவாளருங்களே எச்1பி விஷயத்தை வெச்சு அவர் மேல பாஞ்சாங்க. மஸ்க் எச்1பிக்காக மல்லுக்கட்டினார். ஆனா 2025 செப்டம்பர்ல என்ன வந்துச்சு? புது எச்1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம்.

இப்ப ஏஐ கட்டுப்பாட்டை எதிர்க்க 'லீடிங் த ஃபியூச்சர்'னு 10 கோடி டாலருக்கு மேல சூப்பர் பேக் இறங்கியிருக்கு, ஆண்ட்ரீசன் கம்பெனி காசும் அதுல உண்டு. அதோட கமிட்டி பக்கத்தை லிங்க்ல போடறேன். தேர்தல் இல்லாத வருஷத்துல நிறைய கமிட்டி ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் கணக்குக் காட்டும், அதனால தேதியைப் பாத்துட்டு எண்ணைப் படிங்க.