சுகர் எவ்வளவு என்று கேட்கிறோம், சிரமம் எவ்வளவு என்று கேட்கிறோமா?

(தருமபுரியில் கிராம சுகாதாரச் செவிலியர்களும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம்.

சித்தேரி மலையிலிருந்து அரூருக்கு மருந்து வாங்க இறங்குகிற ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்தான், ஊருக்கு நாலு பேர் இப்படி இருக்கிறார்கள். சுகர், பிரஷர், தைராய்டு மூன்றும் உண்டு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரை மணி நேரமாவது சும்மா இருக்க வேண்டும், சுகருக்கான மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போட வேண்டும், கால்சியமும் கொடுத்திருந்தால் அதைத் தைராய்டு மாத்திரையிலிருந்து நாலு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும், இதற்கு நடுவில் களி கிண்டி வைத்துவிட்டு நூறு நாள் வேலைக்கும் ஓட வேண்டும். மாத்திரை அட்டையைத் துண்டாக வெட்டிக் கொடுத்திருப்பதால் பேர் பாதிதான் இருக்கும். போன மாதம் வெள்ளையாக இருந்த பிரஷர் மாத்திரை இந்த மாதம் வேறு கம்பெனியிலிருந்து மஞ்சளாக வந்தால், இது அதுதானா என்று கேட்கக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை, மகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறான். ரத்தப் பரிசோதனை நாளில் வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை, அதற்குள் மலைக்குப் போகிற பஸ் போயிருக்கும், அன்றைய கூலியும் போச்சு.

இவ்வளவையும் தாண்டி வருகிறவரின் நோட்டில் நாம் எழுதுவது என்ன? “மாத்திரை ஒழுங்காக எடுப்பதில்லை.” எனக்கு இது பொறுக்கவில்லை. அவர் படும் பாடும் மருத்துவத் தகவல்தான், அதையும் அளந்து எழுத வேண்டும் என்று சொல்லத்தான் வந்தேன்.

அளக்க முடியுமா என்றால், முடியும். கார்ல் மே, விக்டர் மான்டோரி, ஃபிரான்சிஸ் மேர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2009லேயே, நோயாளியின் அன்றாட வாழ்க்கையைக் கூடுமானவரை குலைக்காத மருத்துவம் வேண்டும் என்று எழுதினார்கள். 2018ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல நோய் உள்ளவர்களுக்கென்றே 10 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை வெளியிட்டார்கள். நிறைய மாத்திரை போடுவது, நேரம் தவறாமல் ஞாபகம் வைப்பது, பல டாக்டர்களைப் பார்ப்பது, வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவது, வீட்டாரை நம்பியிருப்பது, இதெல்லாம் எவ்வளவு கஷ்டம் என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். சராசரியை 25ஆல் பெருக்கினால் நூற்றுக்கு இத்தனை என்று வந்துவிடும், 22ஐத் தொட்டாலே சுமை அதிகம் என்று கணக்கு.

ஆனால் அதை அப்படியே மொழிபெயர்த்துக் கையில் கொடுத்தால் நமக்கு ஏமாற்றம்தான். அந்தத் தாளில் ‘எனக்குப் பொருந்தாது’ என்ற பதிலுக்கும் பூஜ்யம்தான். பஸ் இல்லாததால் ஆறு மாதமாகப் பெரிய டாக்டரிடம் போகாதவர், “நான்தான் போறதே இல்லையே கண்ணு” என்று சொன்னால் அவருக்குச் சுமையே இல்லை என்று பதிவாகும். சுமை தாங்காமல் சிகிச்சையை விட்டவரும், சுமையே இல்லாதவரும் ஒரே மதிப்பெண்ணில் நிற்பார்கள். அதனால் ‘போவதில்லை’ என்று வந்தால் ஏன் என்று கேட்டுத் தனியாக எழுதியே ஆக வேண்டும். அப்புறம், மருந்து நம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், ஆனால் போன கூலியும் பஸ் காசும் யார் கணக்கு? அதற்கும் ஒரு கேள்வி வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது பக்கத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருவது எத்தனை பேருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்கே தெரியும். மாத்திரை கொடுக்க வாசலில் நிற்கிற நீங்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்கத் தகுந்த ஆள். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டு யாரும் டாக்டரிடம் கஷ்டமாக இருக்கிறது என்று வாய் திறக்க மாட்டார்கள், திண்ணையில் உட்கார்ந்தால் சொல்வார்கள். பத்தும் கேட்க நேரமில்லையா, சரி, ரெண்டு கேளுங்கள்: இதில் எது ரொம்பச் சிரமம்? எதை விட்டுவிட்டீர்கள்? பதிலை நோட்டில் சுகர் அளவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த வரியைப் படித்துவிட்டு, ரெண்டு வேளை மாத்திரையை ஒரு வேளைக்கு மாற்ற முடியுமா, எல்லாப் பரிசோதனையும் ஒரே நாளில் முடியுமா என்று பாருங்கள். சுகரின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, அது போதும் என்கிற இடத்தில் அதையே எழுதிக் கொடுத்தால் அந்த அம்மா களியைச் சாப்பிட்டுவிட்டு வந்து மதிய பஸ்ஸிலேயே ஊர் திரும்பலாம்.