கார்டு இருக்குது, வண்டிக்கு எதுக்குக் காசு?

நேயர்களுக்கு வணக்கம். ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு வருபவர்களின் காகிதங்களைச் சரிபார்த்து, கணினியில் ஏற்றி, அனுமதி வாங்கித் தருவது வேலை. நோயைப் பற்றி என்னிடம் யாரும் அதிகம் கேட்டதில்லை. அடிக்கடி கேட்டது இதுதான்: "ஏனுங்க, கார்டுதான் இருக்குதுங்களே, அப்புறம் வண்டிக்கு எதுக்குங்க காசு?"

தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். தோட்டத்துச் சாளையிலிருந்து பக்கத்துக் காட்டுக்காரர் காரில் உள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே ஸ்கேன் இல்லை, ஈரோட்டுக்குப் போங்கள் என்று தனியார் ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். பால் சொசைட்டியில் வாங்கி வைத்திருந்த பணம் அப்படியே டிரைவர் கைக்குப் போயிற்று. சிகிச்சைக்கு அட்டை ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அந்த அம்மா நீட்டிய வண்டிச் சீட்டை என்னால் எங்கேயும் ஏற்ற முடியவில்லை. அந்த அட்டையைக் காட்டி வண்டிக் காசைத் திரும்ப வாங்கிய ஒருவரைக்கூட என் மேசையில் நான் பார்த்ததில்லை.

காப்பீடு என்பது நடந்த சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு. இந்த அறுவைக்கு இவ்வளவு என்று விலை இருக்கும், முடிந்ததும் பில் போகும். ஆம்புலன்சின் செலவு அப்படி வருவதில்லை. அது ஓடும்போது ஆகும் டீசலைவிட, ஓடாமல் நிற்கும்போது ஆகும் செலவுதான் பெரிது. ராத்திரி இரண்டு மணிக்கு ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் விழித்திருக்க வேண்டும், சிலிண்டரில் ஆக்சிஜன் இருக்க வேண்டும். அன்றைக்கு ஒரு அழைப்பும் வராவிட்டாலும் சம்பளம் சம்பளம்தான்.

108 சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. அதைக் காப்பீட்டின் தலையில் கட்டாமல், மாநில அரசின் பணத்திலும் தேசிய சுகாதார இயக்கத்தின் நிதியிலும் நடத்துகிறார்கள். அது சரி என்றே நான் சொல்வேன். பயணத்துக்கு இவ்வளவு என்று காப்பீட்டிலிருந்து கொடுத்தால் என்ன ஆகும்? கோவை அவினாசி சாலையில் நிற்கும் வண்டிக்குப் பணம் குவியும். பர்கூர் மலையில் நிற்கும் வண்டியைக் கட்டுப்படியாகவில்லை என்று கீழே இறக்கிவிடுவார்கள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால் தாளவாடி இருக்கிறது. அங்கே ஒரு பாம்புக்கடி என்றால் சத்தியமங்கலம் இறங்குவதா, கர்நாடகத்துச் சாம்ராஜ்நகர் போவதா என்றுதான் யோசிப்பார்கள். அங்கே வண்டி காத்திருப்பதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும். எத்தனை தடவை ஓடியது என்று எண்ணிக் கொடுத்தால் அந்த வண்டி அங்கே நிற்காது.

அப்படியானால் காப்பீடு எங்கே வர வேண்டும்? இடையில்தான். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு 108 வரும். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினாலும் வரும். ஒரு தனியாரிடமிருந்து இன்னொரு தனியாருக்கு என்றால் பெரும்பாலும் கைக்காசு. அந்த இடமாற்றம் சிகிச்சையின் ஒரு பகுதி இல்லையா? ஸ்கேனுக்குக் கொடுப்பவர்கள் ஸ்கேன் இருக்கும் ஊருக்குப் போவதற்கும் கொடுக்கலாமே.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பிரசவத்துக்கு இதை ஏற்கெனவே செய்கிறோம். 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் அரசு மருத்துவமனைக்கு வரும் தாய்க்கு வீட்டிலிருந்து வர, மேல் சிகிச்சைக்கு மாற்ற, குழந்தையோடு வீடு திரும்ப என மூன்று பயணமும் இலவசம். சாலை விபத்துக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் காப்பீட்டு அட்டையே கேட்காமல் முதல் 48 மணி நேரம் சிகிச்சை தருகிறார்கள். 2008-இல் மத்திய அரசு கொண்டுவந்த ராஷ்ட்ரீய ஸ்வஸ்த்ய பீமா யோஜனாவில், மொத்தக் காப்பீடே 30,000 ரூபாய்தான், அதிலும் ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரியில் சேரும்போதும் போக்குவரத்துக்கு 100 ரூபாய் ஒதுக்கியிருந்தார்கள், வருடத்துக்கு 1,000 வரை. இன்றைக்கு 100 ரூபாயில் ஆட்டோகூட வராது, அது வேறு விஷயம். ஆனால் வண்டி என்று ஒரு வரி அந்தத் திட்டத்தில் எழுதப்பட்டிருந்தது.

தனியார் காப்பீடு எடுத்திருப்பவர்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் கட்டணத்துக்கு ஒரு வரம்பு போட்டிருக்கும். அது கிடைக்க வேண்டுமானால் ரசீது வேண்டும்: தேதி, வண்டி எண், எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர். பதற்றத்தில் இதெல்லாம் தோன்றாதுதான். கூடப் போகும் மச்சானிடமோ தம்பியிடமோ சொல்லி வையுங்கள். அந்தத் தாராபுரத்து அம்மா கொண்டுவந்த சீட்டில் 'ஈரோடு டிரிப்' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு தொகை போட்டிருந்தது. வண்டி எண்கூட இல்லை.

நன்றி, வணக்கம்.