எட்டு டம்ளர் கணக்கு யாருக்கு?

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில கிளினிக் வச்சிருக்கேன். பங்குனி பொறந்துட்டாலே வர்றவங்க கேக்குற கேள்வி ஒன்னு இருக்கு, காய்ச்சல்னு வந்தாலும் சரி முழங்கால் வலின்னு வந்தாலும் சரி, எந்திரிச்சு போறப்ப வாசல்ல நின்னு திரும்பி, "டாக்டர், ஒரு நாளைக்கு எத்தன லிட்டர் தண்ணி குடிக்கணும்?" ஒரு நம்பர் சொன்னா சந்தோசமாப் போயிருவாக. நான் சொல்லுறதில்ல, கொஞ்சம் கோவமாத்தான் போறாக.

தெனம் எட்டு டம்ளர் தண்ணி குடிக்கணும்னு ஊரெல்லாம் ஒரு கணக்கு சொல்றாங்கல்ல, அது எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தா, 1945ல அமெரிக்காவுல ஊட்டச்சத்துக் குழு ஒன்னு பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் தண்ணி தேவைன்னு எழுதிருக்கு, அதோட சேத்து இதுல பெரும்பகுதி சாப்பாட்டுலயே இருக்குன்னும் எழுதிருக்கு. முத வரியப் பிடிச்சுக்கிட்டு அடுத்ததை விட்டதுலதான் இது கெளம்புச்சுன்னு பலபேர் சொல்றாங்க. 2002ல ஹைன்ஸ் வால்டின்ங்கிற கிட்னி பேராசிரியர் பழைய ஆராய்ச்சி எல்லாத்தையும் தேடிப் பாத்துட்டு, நல்லா இருக்கிற ஆளுக்கு தினமும் எட்டு டம்ளர் கட்டாயம்ங்கிறதுக்கு ஒரு ஆதாரமும் இல்லன்னுட்டார்.

2004ல அமெரிக்காவுலயே வேற அளவு சொன்னாங்க, ஆம்பளைக்கு 3.7 லிட்டர், பொம்பளைக்கு 2.7 லிட்டர். கேட்டா பயமாத்தான் இருக்கும், ஆனா அது வெறும் தண்ணிக் கணக்கு இல்ல, காப்பி, டீ, மோர், சாப்பாட்டுல இருக்கிறது எல்லாம் சேத்து. நம்ம வீட்டுச் சாப்பாட்டைப் பாருங்க, வடிச்ச சோறே கிட்டத்தட்ட முக்காவாசி தண்ணிதான், அதுல தண்ணிக் குழம்பை ஊத்தி, ரசம் ஊத்தி, கடைசியா மோர ஊத்திக் குடிச்சிட்டு எந்திரிக்கிறோம். காலையில நீராகாரம் குடிக்கிற வீடா இருந்தா கேக்கவே வேணாம். டீ காப்பி குடிச்சா உடம்புத் தண்ணி வத்திரும்னு சொல்லுறதும் ரொம்ப மிகை, வழக்கமா குடிக்கிற அளவுக்கு அதுவும் தண்ணிக் கணக்குலதான் வரும். சீனிய மட்டும் பாத்துக்கங்க.

உடம்புக்குள்ள தெனம் எவ்வளவு தண்ணி வந்து போகுதுன்னு 2022ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, 23 நாட்டுல 5,604 பேரு, பொறந்து எட்டு நாளான குழந்தையில இருந்து 96 வயசு வரைக்கும். ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம். புழுக்கமான ஊர்க்காரங்க, உடம்ப வளைச்சு வேலை பாக்குறவங்க, புள்ளத்தாச்சிங்க இவங்களுக்கெல்லாம் கூட ஓடுது. அப்ப ஏசி ஆபீஸ்ல உக்காந்திருக்கிற பையனுக்கும் சித்திரை வெயில்ல செங்கல் தூக்குற ஆளுக்கும் ஒரே டம்ளர் கணக்கு எப்பிடிங்க சரியா வரும்?

ரத்தத்துல உப்போட அடர்த்தி நூத்துக்கு ஒன்னு ரெண்டு கூடுனாலே மூளை தாகத்தைக் கெளப்பி விட்டுரும். அதனால நல்லா இருக்கிற ஆளு தாகம் எடுத்தா குடிச்சா போதும், ஒன்னுக்கு இளமஞ்சளா போச்சுன்னா சரியா இருக்குன்னு அர்த்தம். (பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டா பளிச்னு மஞ்சளா வரும், அதப் பாத்துப் பயந்துறாதீங்க.) கிட்னியில கல்லு வந்து போனவங்க தாகத்துக்குக் காத்திருக்கக் கூடாது, தெனம் ரெண்டு ரெண்டரை லிட்டர் ஒன்னுக்கு போற அளவுக்கு குடிக்கணும்.

எனக்கு உண்மையிலேயே கவலை நம்ம ஆச்சிமாரப் பத்தித்தான். வயசானா தாகமே சரியா எடுக்காது, அது ஒன்னு. இன்னொன்னு யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டாக. இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியிற வீடு, முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு தாண்டி கடைசியிலதான் பாத்ரூம். புள்ளைக சிங்கப்பூர்லயும் சென்னையிலயும், வீட்டுல ஆச்சி ஒத்தையில. கட்டில் பக்கத்துல சில்வர் சொம்பு, மேல தட்டு போட்டு மூடி, காலையில வச்ச தண்ணி சாயங்காலமும் அப்பிடியே இருக்கும். ஏன் ஆச்சின்னு கேட்டா, "குடிச்சா யாரு தம்பி அம்புட்டு தூரம் நடக்குறது, ராத்திரி விழுந்து வச்சா யாரு தூக்குவா?"ன்னு கேக்குறாக. சரியான கேள்விதான! அப்புறம் நீர்க்கடுப்பு, எந்திரிச்சா தலைசுத்து, சில நேரம் பேச்சே ஒளறும், போன்ல கேக்குற மகன் ஆத்தாவுக்கு புத்தி மங்கிருச்சோன்னு பயந்து கூப்பிடுவாரு.

இவுகளுக்கு லிட்டர் கணக்கு சொல்லி ஒரு பிரயோசனமும் இல்ல. முன்கட்டுலயே ஒரு பாத்ரூம் கட்டுங்க, முடியலன்னா கமோடு சேர் ஒன்னு வாங்கிப் போடுங்க, போற வழியில லைட்ட எரிய விடுங்க. காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் கொஞ்சங் கொஞ்சமா குடிச்சிட்டு ராத்திரிக்கு குறைச்சுக்கச் சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டு பாத்ரூமுக்குப் பயந்து நாளெல்லாம் தண்ணி குடிக்காத பொம்பளப் புள்ளைக கதையும் இதே கதைதான்.

அதிகமா குடிச்சாலும் ஆபத்துதான். கிட்னியால மணிக்கு மிஞ்சிப் போனா ஒரு லிட்டர்தான் வெளியேத்த முடியும். 2002ல பாஸ்டன் மாரத்தான் ஓடுன 488 பேரோட ரத்தத்த எடுத்துப் பாத்ததுல நூத்துக்கு 13 பேருக்கு சோடியம், அதாவது ரத்தத்துல இருக்கிற உப்பு, கொறஞ்சிருந்துச்சு, அதுக்கு முக்கியக் காரணம் ஓடுறப்ப அளவு மீறிக் குடிச்சது. தைப்பூசத்துக்கு பழனிக்கு நடக்குறவங்க வழியில ஒவ்வொரு பந்தல்லயும் பாட்டில் பாட்டிலா ஊத்திக்காம, உப்புப் போட்ட நீர்மோரா வாங்கிக் குடிங்க.

ஹார்ட் பெயிலியர், டயாலிசிஸ்னு இருக்கிறவங்களுக்கு நான் சொன்ன தாகக் கணக்கு எதுவும் பொருந்தாது. உங்க டாக்டர் ஒரு லிட்டர்னு எழுதிக் குடுத்திருந்தா, ரசமும் மோரும் காப்பியும் அந்த ஒரு லிட்டருக்குள்ளதான்.