ஒரு பொந்துக்கு இத்தனை போட்டியா? வாசலுக்கு மண் பூசும் குட்டிப் பறவை!

[காட்சி: மரத்தில் ஒரு பொந்து. விளிம்பைச் சுற்றிக் காய்ந்த மண்.]

இந்தப் பொந்தின் வாசலை உற்றுப் பாருங்கள். சுற்றிலும் மண் பூசியிருக்கிறது, தெரிகிறதா? இதைப் பூசியது சிட்டுக்குருவி அளவே உள்ள ஒரு பறவை. எதற்காகப் பூசியது? வாங்க, பார்க்கலாம்.

முதலில் பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். வசந்தம் வந்ததும் ஐரோப்பிய நகரப் பூங்காக்களில் பொந்துக்கு அடிதடி ஆரம்பித்துவிடும். மரங்கொத்தி தானே குடைந்துகொள்ளும். பட்டாணிக்குருவிக்கும், நம் மைனாவின் உறவான ஸ்டார்லிங்குக்கும் அந்த அலகு கிடையாது. பழைய பொந்தோ, கிளை ஒடிந்து உளுத்த ஓட்டையோ கிடைத்தால்தான் உண்டு. மரங்கொத்தி புதிதாகக் குடைந்த பொந்தையே ஸ்டார்லிங் பறித்துக்கொள்வதும் நடக்கிறது.

[காட்சி: அலகில் ஈர மண்ணோடு நட்ஹாட்ச்.]

சரி, நம் கொத்தனாரிடம் வருவோம். பெயர் நட்ஹாட்ச். நீலச் சாம்பல் முதுகு, கண் வழியே ஓடும் கறுப்புக் கோடு. மரத்தில் தலைகீழாக இறங்கி வரும். பார்க்கவே அவ்வளவு அழகு! வாசல் பெரிதாக உள்ள பொந்து கிடைத்தால், பெண் பறவை ஈர மண்ணைக் கொண்டுவந்து விளிம்பில் அப்பி, அலகால் தட்டித் தட்டி இறுக்கும். தன் உடம்பு நுழைய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இடம்தான் மிச்சம். மண் காய்ந்து கெட்டியானதும், தன்னைவிடப் பெரிய ஸ்டார்லிங்குக்கு அந்த வாசலில் வழியில்லை. சண்டையே போடாமல் ஜெயிக்கிறது, பாருங்கள்!

நாம் மாட்டும் கூட்டுப் பெட்டிகளிலும் இதே கணக்குதான். நீலச் சிட்டுக்கு 25 மில்லிமீட்டர் துளை, பட்டாணிக்குருவிக்கு 28, ஸ்டார்லிங்குக்கு 45. வெறும் 3 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒரு பறவைக்கு வீடு, இன்னொன்றுக்கு இல்லை. நட்ஹாட்ச் பெட்டியில் குடியேறினால் வாசலோடு நிறுத்தாது, மூடியின் இடுக்கையும் மண் வைத்து அடைத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இப்படிப்பட்ட பறவையையும் திணறடிக்க ஒன்று வந்தது. நாம் தினமும் பார்க்கும் அதே பச்சைக்கிளி! பிரஸ்ஸல்ஸ் நகரில் 1974-ல் சுமார் 40 கிளிகளைப் பறக்கவிட்டார்கள். அவை பெருகிவிட்டன. நட்ஹாட்ச் கூடு கட்டத் தொடங்கும் முன்பே கிளி நல்ல பொந்தாகப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறது. ஆய்வாளர்கள் அங்கே ஒரு சோதனை செய்தார்கள். கிளிகள் இருந்த பொந்துகளை அடைத்தார்கள். கிளிகள் பக்கத்துப் பொந்துகளைப் பிடித்துக்கொண்டன, அங்கே நட்ஹாட்ச் எண்ணிக்கை குறைந்தது.

இதில் கிளியை நான் குறை சொல்லமாட்டேன். அதைக் கொண்டுபோய் விட்டது மனிதர்கள். பூங்காவில் பட்ட மரம் நின்றாலே அசிங்கம் என்று வெட்டுவதும் மனிதர்கள்தான். நடைபாதைமேல் விழும் மரம் என்றால் சரி. ஓரமாக நிற்பதை விட்டுவைக்கலாமே! ஒரு மரம் போனால் எத்தனை வாசல்கள் போகின்றன!

உங்கள் பக்கத்துப் பூங்காவில் ஒரு பொந்தைக் கண்டுபிடியுங்கள். நெருங்கிப் போகாமல், தள்ளி நின்று 20 நிமிடம் பாருங்கள். யார் எட்டிப் பார்க்கிறார்கள், யார் துரத்துகிறார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள், நான் படிக்கிறேன். அப்புறம், வாசலில் மண் பூசியிருந்தால் முதல் வேலையாகப் படம் எடுத்து அனுப்புங்கள்!