பக்கத்து வீட்டுப் பாப்பா நடந்துருச்சாம், நம்ம பிள்ளை?

(திரையில்: பாயில் குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கும் குழந்தை)

"பத்து மாசத்துலயே அது நடந்துருச்சு, உங்க பையன் இன்னும் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறானா?" இந்தக் கேள்வியால் தூக்கம் போனவர்களுக்குத்தான் இந்த வீடியோ.

டெல்லி உட்பட 5 நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, பிடிக்காமல் நடக்கும் வயது 8 மாதத்தில் தொடங்கி 17 மாதத்தையும் தாண்டுகிறது. அதனால் ஒரு வயதில் நடக்கவில்லை என்பது மட்டும் ஒரு பிரச்சினையே இல்லை. தவழாமலே, உட்கார்ந்தபடி தேய்த்துத் தேய்த்து நகர்ந்து, ஒருநாள் எழுந்து நடந்துவிடும் பிள்ளைகளும் உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு 2 வயது வரை கணக்கே வேறு: 2 மாதம் முன்னால் பிறந்திருந்தால், 8 மாதக் குழந்தையிடம் 6 மாதக் குழந்தை செய்வதை எதிர்பார்த்தால் போதும்.

சரி, எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

4 மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, 9 மாதம் தாண்டியும் தானாக உட்காரவில்லை, தூக்கினால் ஈரத்துணி மாதிரி துவள்கிறது அல்லது கால் இரண்டும் கத்தரிக்கோல் போல விறைக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். குழந்தை ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் மறந்துவிட்டால், எந்த வயதானாலும் அன்றே காட்டுங்கள்.

இன்னொன்றைப் பலர் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறார்கள். ஒரு வயதுக்குள் குழந்தை எதை நீட்டினாலும் ஒரே கையால்தான் வாங்குகிறது என்றால், "இடது கைக்காரன்டா" என்று கொஞ்சிவிட்டுப் போகாதீர்கள், அந்த வயதில் இரண்டு கையும் சமமாக வர வேண்டும், வரவில்லை என்றால் மறு கையில் பலம் குறைவாக இருக்கலாம்.

(திரையில்: சோபாவைப் பிடித்து நிற்கும் பையன்)

"ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் நடக்கும், அவங்க அப்பனும் அப்படித்தான்" என்று பாட்டிகள் சொல்வார்கள். ஆசையாகச் சொல்வதுதான், ஆனால் டூஷேன் என்ற தசைச்சிதைவு நோய் பெரும்பாலும் பையன்களுக்குத்தான் வருகிறது, 18 மாதத்திலும் நடக்காத பையனுக்கு சி.கே. என்ற ஒரு ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சக்கர வாக்கரில் உட்கார வைத்தால் நடை சீக்கிரம் வராது, விழுந்து அடிபடும் ஆபத்துதான் அதிகம்; கனடா 2004-இல் அதைத் தடையே செய்துவிட்டது. பாயை விரித்துத் தரையில் விடுங்கள்.

அப்புறம், ஆஸ்பத்திரியில் குழந்தை அழும், ஒன்றும் செய்து காட்டாது. வீட்டிலேயே உருளுவது, உட்காருவது, பொம்மையை எடுப்பது எல்லாவற்றையும் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். தனியாரில் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறையைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மையம்) எங்கே என்று விசாரியுங்கள், அங்கே பிசியோதெரபி இலவசம்.