பேரன் கல்யாணம், இரண்டு டிஸ்க்

நேயர்களுக்கு வணக்கம். அறந்தாங்கிப் பக்கம் இருபது வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து எடுப்பது, மிக்ஸிங் செய்வது, டிஸ்க் ரைட் பண்ணிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. இப்போது எல்லாரும் பென்டிரைவில்தான் கேட்கிறார்கள். இருந்தாலும் அவ்வப்போது யாராவது போனில் யூடியூப் வீடியோவைக் காட்டி, "இதை டிவிடியில போட்டுத் தாங்க" என்று வந்துவிடுகிறார்கள். அந்த வேலையைப் பற்றித்தான் இன்று பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

2021-இல் ஒரு ஆத்தா வந்தார். பேரனுக்குச் சிங்கப்பூரில் கல்யாணம் நடந்தது அதற்கு முந்தின வருஷம், விமானம் ஓடாத நேரத்தில். யூடியூபில் நேரலையாகப் போட்டிருக்கிறார்கள். ஆத்தா அதை உள்ளங்கை அகலப் போனில் பார்த்திருக்கிறார். "தாலி கட்டுற நேரத்துல வட்டம் சுத்திக்கிட்டே நின்னுருச்சு தம்பி. அது நின்னு, மறுபடி ஓடுறப்ப கழுத்துல தாலி கிடக்கு" என்றார். வீட்டில் பழைய பெட்டி டிவி, கூடவே ஒரு டிவிடி பிளேயர். அதில் ஓட வேண்டும்.

அன்றைக்குக் கடையில் கூட்டம். பேரன் அனுப்பிவைத்த எம்பி4 ஃபைலை (போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடுகிற வீடியோ வகை) அப்படியே டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்னே ஆத்தா வாசலில் நிற்கிறார். "டிஸ்க்கே இல்லைங்குது தம்பி, அந்தப் பெட்டி."

தப்பு என்னுடையதுதான். டிவிடி பிளேயர் 1996-இல் ஜப்பானில் கடைக்கு வந்த சரக்கு. அதற்குத் தெரிந்த வீடியோ எம்பெக்-2 என்ற பழைய வகை. நம் நாட்டு டிவி முறையான பால் முறையில் (கறக்கிற பால் இல்லை) படத்தின் அளவு 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 படம். ஒலி டால்பி டிஜிட்டல் என்ற வகையாகவோ அதைப் போன்ற இரண்டு மூன்று வகையாகவோ இருக்க வேண்டும். எல்லாம் வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் விஓபி ஃபைல்களாக, ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். யூடியூபிலிருந்து வருவதோ வேறு ரகம். பின்னால் வந்த சில பிளேயர்கள் எம்பி4-ஐயும் படிக்கும். ஆத்தா வீட்டுப் பிளேயர் அந்த ரகமில்லை.

வீடியோவை எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சும்மா மாற்றித் தருகிறோம் என்கிற தளங்களில் டவுன்லோட் என்று நாலு பட்டன் இருக்கும், மூன்று பொய். போனில் யூடியூப் பிரீமியத்தில் இறக்கினால் அது அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கும், வெளியே எடுக்க முடியாது. ஏற்றியவரையே கேட்பதுதான் சுலபம். அவர் தன் சேனலின் யூடியூப் ஸ்டுடியோவில் போய் எம்பி4-ஆக இறக்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் மேலிருந்து கீழாக 720 வரி உள்ள படம்தான் கிடைக்கும். 576 வரி கேட்கிற டிவிடிக்கு அது தாராளம், இன்னும் துல்லியமான 4கே தேடி அலைய வேண்டாம்.

சினிமாப் படத்தை இறக்கி ஐம்பது டிஸ்க் போட்டுத் தரச் சொல்லியும் ஆள் வருவதுண்டு. காப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

சரி, கணக்குக்கு வருவோம். டிஸ்க் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், கம்ப்யூட்டரில் 4.38 என்று காட்டும். ஏமாற்றில்லை. கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024-ஆக எண்ணுகிறது. அந்த இடத்தைப் பிட்டாக மாற்றி (ஒரு பைட்டுக்கு எட்டு பிட்), வீடியோ ஓடும் நொடிகளால் வகுத்தால், ஒரு நொடிக்கு எவ்வளவு தகவல் கொடுக்கலாம் என்று தெரியும். ஒரு மணி நேரம் என்றால் டிவிடி தாங்குகிற உச்சமான 10 மெகாபிட் வரைக்கும் கொடுக்கலாம். இரண்டு மணி நேரம் என்றால் ஐந்து சொச்சம், அதுவும் நன்றாகவே இருக்கும். ஆத்தா கொண்டுவந்தது 3 மணி 40 நிமிடம். ஒரே டிஸ்க்கில் அடைத்தால் 2.8 மெகாபிட்தான். பட்டுச்சேலை ஜரிகை கட்டம் கட்டமாக உடையும், ஹோமப் புகை சாம்பல் பூசின மாதிரி தெரியும். அதனால் இரண்டாகப் பிரித்தேன். தாலி கட்டுகிற சடங்கெல்லாம் ஒன்று, மாலை வரவேற்பு இன்னொன்று. அந்தக் காலத்து விசிடியில் இதே கல்யாணம் மூன்று டிஸ்க் பிடித்திருக்கும், படமும் 352-க்கு 288 புள்ளிதான்.

அடுத்த சிக்கல், அந்த வீடியோ நொடிக்கு 30 படம். 25-ஆக மாற்றினால் நொடிக்கு ஐந்து படம் உதிரும். கேமரா இடமிருந்து வலம் திரும்பும்போது உட்கார்ந்திருப்பவர்கள் தலை வெட்டி வெட்டி நகரும். நொடிக்கு ஏறத்தாழ 30 படம் ஓடுகிற அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் போட்டால் ஓட்டம் சீராக இருக்கும், ஆனால் 576 வரி 480-ஆகக் குறையும். பெட்டி டிவிக்கு ஓட்டம்தான் முக்கியம் என்று நினைத்தேன். நம் ஊரில் விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். இருந்தாலும் ஒருமுறை சூடு பட்டவன், ஒரு டிவிடி-ஆர்டபிள்யூவில் பத்து நிமிடம் மட்டும் எழுதி ஆத்தாவிடம் கொடுத்தனுப்பினேன். அழித்து அழித்து எழுதலாம் என்பதால் அது எப்போதும் ஒன்று மேஜையில் கிடக்கும்.

ஓடியது. ஆனால் கீழே மணமக்கள் பேர் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது என்றார். பெட்டி டிவி படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும். படத்தைச் சற்றே சுருக்கி, சுற்றிலும் கறுப்பு விட்டுச் சரி செய்தேன்.

மாற்றுவதற்கு எஃப்எஃப்எம்பெக், அடுக்கிக் கட்டுவதற்கு டிவிடி ஸ்டைலர். இரண்டும் இலவச சாஃப்ட்வேர். முன்பு எல்லாக் கடையிலும் நீரோ என்ற சாஃப்ட்வேர்தான். ரோம் எரிந்தபோது பிடில் வாசித்தான் என்று கதை சொல்வார்களே, அந்த நீரோ பேரையே டிஸ்க் எரிப்பதற்கு வைத்த குறும்புக்காரர்கள்.

எரிப்பது என்ற சொல்லும் சும்மா வந்ததில்லை. டிஸ்க்கின் உள்ளே ஒரு சாயப் பூச்சு இருக்கிறது, அதை லேசர் சுட்டு நிறம் மாற்றுகிறது. எழுதி முடித்த டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து எழுதின தூரம் வரை ஒரு நிறம், அதற்கு வெளியே வேறு நிறம். விளிம்புவரை ரொப்பினால் கடைசிக் காட்சிதான் முதலில் சிக்கும், அதனால் கொஞ்சம் இடம் விட்டுவிடுவேன். எழுதும் வேகம் 16 மடங்கு வரை போகும் என்றாலும் நான் 8 மடங்கில் எழுதுவேன், சில நிமிடம்தானே கூட ஆகும். எழுதியதும் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்கும் வெரிஃபை, அப்புறம் மறக்காமல் டிஸ்க்கை முடித்து மூடும் ஃபைனலைஸ். அதைச் செய்யாத டிஸ்க் நம் கம்ப்யூட்டரில் ஓடும், பிளேயரில் ஓடாது. மேலே பேப்பர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், சுற்றும்போது ஆட்டம் கொடுக்கும்.

மெனு எதுவும் வைக்கவில்லை, போட்டதும் ஓட வேண்டும். ரிமோட்டில் நெக்ஸ்ட் பட்டனை நாலு தடவை அமுக்கினால் தாலி கட்டும் இடம் வருகிற மாதிரி அமைத்து, அதை உறையில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து ஆத்தா மறுபடி வந்தார். பதறிப்போனேன். "நல்லா ஓடுது தம்பி. ஆனா தாலி கட்டிட்டு, எம் பேரன் கேமராவப் பார்த்து 'அப்பத்தா'ன்னு கூப்பிடுறான். அன்னைக்குப் போன்ல அது எனக்குக் கேக்கவே இல்ல. அங்கயும் ஒரு நெக்ஸ்ட்டு வச்சுக் குடேன்."

மாற்றின ஃபைலை அழிக்காமல் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தேன். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன், இருபது நிமிடத்தில் புது டிஸ்க்கோடு போனார். நன்றி, வணக்கம்.